தினான் என்னும் ஆற்றங்கரை ஊர்

வாசகர்களுள் பெரும்பாலோர்க்குத் தினான் என்னும் பெயர் புதிதாகவே இருக்கும். நமக்கும் சென்ற ஆண்டு வரையில் அப்படித்தான் இருந்தது. பெல்ஜியம் தேசத்தின் தென்பாகத்திலே, மியூஸ் ஆற்றங்கரையில், பிரெஞ்சு மொழி வழங்கும் ஒரு சிற்றூர் அது. நம் தம்பியின் மகள் பிரசல்ஸ் நகரிலே கல்வி பயில்கிறாள். "பெரியப்பா, ஒருமுறை வந்து பாருங்கள்" என்று அவள் எழுதிய கடிதங்களுக்கு இரண்டாண்டுகள் சாக்குச் சொல்லி வந்த நாம், மூன்றாம் ஆண்டிலே விமானம் ஏறினோம். அவ்வாறு சென்ற பிரயாணத்தில், ஒரே ஒரு பகலும் ஓர் இரவுமே தினானில் தங்கினோம். ஆயினும் பெரிய நகரங்களைப் பற்றி எழுதாமல் இச்சிற்றூரைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம், அங்கே நாம் கண்ட ஒரு பெயர்ப்பட்டியல்.

பிரசல்ஸிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டியில் ஒரு வேடிக்கை உண்டு. அத்தேசத்தின் வடபாகத்தார் டச்சு மொழி பேசுவோர். தென்பாகத்தார் பிரெஞ்சு பேசுவோர். கிழக்கே ஒரு மூலையில் ஜெர்மன் மொழியும் வழங்குகிறது. இன்ன ஊர் வரையில் இன்ன மொழி என்று 1962, 1963ஆம் ஆண்டுகளிலே சட்டத்தால் எல்லை வகுத்துவிட்டார்கள். வண்டி அவ்வெல்லையைக் கடந்ததும் அறிவிப்பின் மொழியும் மாறிவிடுகிறது! வயலில் வரப்பைக்கூட நாம் காணவில்லை; மாடுகள் இருபுறமும் ஒன்றுபோலவே மேய்கின்றன. மொழிக்காக இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் ஜனங்களைப் பார்த்துச் சிரிப்பதா, வியப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

நடுவழியில் நமூர் என்னும் நகரம் வருகிறது. அதைச் சொல்லும்போதெல்லாம் நம் மகள் நகைப்பாள். "பெரியப்பா, இது நம்மூர்தான், ஆனால் இறங்க வேண்டா." அங்கே சாம்பிர் என்னும் சிற்றாறு மியூஸோடு வந்து கலக்கிறது. அதன் பிறகு வண்டி ஆற்றின் கரையோடு கரையாக வளைந்து வளைந்து செல்கிறது. மியூஸ் ஆறு பிரான்சிலே பிறந்து, பெல்ஜியத்தின் ஊடே ஓடி, ஹாலந்து தேசத்திலே கடலை அடைவது. மழைக்காலத்துப் பேராக் ஆற்றைப் பார்த்த கண்களுக்கு அது அகலத்தால் ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. ஆனால் இரு கரைகளிலும் சாம்பல் நிறமான சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாய் எழுந்து நிற்கின்றன. அரைமணி நேரத்துக்குள் தினான் வந்துவிட்டது.

பாறைக்கும் ஆற்றுக்கும் இடையே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில், ஒன்றன் தோளை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும் வீடுகளின் வரிசையே அவ்வூர். ஒரு தெருவும் அதற்குத் துணையாக மற்றொரு தெருவும் போட்டால் இடம் முடிந்துவிட்டது. பாறையின் அடியிலே மாதா கோயில். அதன் கோபுரம் பெரிய வெங்காயம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாற்போல் கறுத்துப் பருத்திருக்கிறது. அதற்கு நேர் மேலே, சுமார் 100 மீட்டர் உயரத்தில், பாறை முடியில் கோட்டை. 1227ஆம் ஆண்டில் பாறை சரிந்து விழுந்து பழைய கோயிலை நொறுக்கிவிட்டதாம். ஜனங்கள் அதே இடத்திலேயே மறுபடியும் கட்டினார்கள். வேறு எங்கே கட்டுவது? இடம் இல்லையே!

கோட்டைக்கு ஏற 408 படிகள். கம்பியில் தொங்கிச் செல்லும் பெட்டியும் உண்டு. நாம் மேலே செல்லப் பெட்டியையும், கீழே இறங்கப் படிகளையும் பயன்படுத்தி நம் வயதுக்கும் மானத்துக்கும் ஒருங்கே மரியாதை செய்தோம். இப்போதுள்ள கோட்டை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெல்ஜியம் டச்சு அரசுக்கு உட்பட்டிருந்த காலத்தில் கட்டப்பட்டது. அதற்கு முன் அங்கே இருந்த கோட்டைகள் பலமுறை கட்டப்பட்டும் இடிக்கப்பட்டும் போயின. மேலே நின்று பார்த்தால், இவ்வூருக்கு ஏன் இத்தனை துன்பம் வந்தது என்பது ஒருவர் சொல்லாமலே விளங்கும். மியூஸ் பள்ளத்தாக்கு படைகள் நடந்துபோகும் வழி. ஆற்றைக் கடக்க ஒரு பாலம் வேண்டும். பாலம் இங்கே இருக்கிறது. கீழே உள்ளவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள், எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள் என்பதெல்லாம் படைத்தலைவனுக்கு வேண்டாத விஷயம்.

பழைய காலத்திலே அவர்கள் செய்த தொழில் பித்தளை வேலை. செம்போடு துத்தநாகக் கல்லைக் கூட்டி உருக்கிப் பித்தளையாக்கி, விளக்குகள், அண்டாக்கள், தட்டுகள், கோயிற் சாமான்கள் யாவும் அடித்தும் வார்த்தும் எடுத்தார்கள். அப்பாத்திரங்கள் இங்கிலாந்து வரையில் சென்றன. பிரெஞ்சு மொழியிலே அடித்துச் செய்த செம்பு பித்தளைச் சாமான்களுக்கு இன்றும் 'தினாந்தெரி' என்றே பெயர். ஊர் பெயரே பொருளின் பெயராகிவிட்டது! நம் பாட்டியார் ஊரிலிருந்து கப்பலேறியபோது துணி மூட்டையோடு கொண்டுவந்த பித்தளைச் செம்பு ஒன்று நம் வீட்டில் இருக்கிறது. அருங்காட்சியிலே கண்ணாடிக்குள் வைத்திருந்த 15ஆம் நூற்றாண்டுச் செம்பு ஒன்றைக் கண்டபோது, நம்முடையது அதற்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று என்று மகளிடம் சொன்னோம். காவலர் நம்மை முறைத்துப் பார்த்தார்.

ஆற்றின் எதிர்க்கரையிலே சற்று வடக்கே பூவின் என்றோர் ஊர். அங்கும் பித்தளை வேலைதான். ஒரே தொழில் செய்யும் இரண்டு ஊர்கள் ஓராற்றின் இரு கரையிலும் இருந்தால் என்ன நடக்கும்? அதுவே நடந்தது. தினான் லியேஜ் மேற்றிராணியாரின் ஆட்சியிலும், பூவின் நமூர்ச் சிற்றரசிலும், பின்பு பர்கண்டிக் கோமகனின் ஆட்சியிலும் இருந்தபடியால், தொழிற் பொறாமை அரசியற் பகையாகவும் வளர்ந்தது. தினானைச் சேர்ந்த சிலர் பர்கண்டி இளவரசன் சார்லஸைப் போல ஓர் உருவம் செய்து, பூவின் மதிலுக்கு எதிரே தூக்கிலிட்டு, அவன் பிறப்பைக் குறித்தும் வசை பாடினார்கள். 1466ஆம் ஆண்டிலே அவ்விளவரசன் பீரங்கிகளோடு வந்தான். ஊர் எரிந்தது. 800 பேரை இருவர் இருவராகச் சேர்த்துக் கட்டி ஆற்றிலே எறிந்தனர் என்று பழைய நூல்கள் கூறும். தப்பிய கன்னார் பல தேசங்களுக்குச் சென்று அங்கே தொழில் நடத்தினார்கள். பூவின் மட்டும் தழைத்ததா என்றால், 1554இல் பிரெஞ்சு அரசனின் படை வந்து இரண்டையும் பாழாக்கிற்று. இப்பொழுது பூவின் தினானின் ஒரு பகுதி.

அம்முற்றுகைக் காலத்தில் ஊருக்குள்ளே மாவும் தேனும் அன்றி வேறு உணவில்லாமற் போக, அவ்விரண்டையும் பிசைந்து சுட்டுத் தின்றார்கள் என்றும், அதுவே 'கூக்' என்னும் பலகாரத்தின் பிறப்பு என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, பலகாரம் மெய். கோதுமை மாவும் தேனும் சம எடை. தண்ணீர் ஒரு துளி இல்லை, வெண்ணெய் இல்லை, முட்டை இல்லை. மரத்திலே செதுக்கிய அச்சில் அழுத்தி, மீன், பழம், வீடு என்று பல உருவங்களாக எடுத்து, மிகுந்த சூட்டில் வேகவைக்கிறார்கள். ஆறியதும் தேன் இறுகிப் பலகைபோலாகிறது. நாம் அறியாமல் வாயில் வைத்துக் கடிக்கப் போனோம். கடைக்கார அம்மாள் பதறிக் கையை ஆட்டினார். கடிக்கக் கூடாதாம், உடைத்துத் துண்டாக்கி வாயில் அடக்கிக்கொண்டு ஊறவிட வேண்டுமாம். பல் முளைக்கும் குழந்தைக்கும், பல் விழுந்த கிழவருக்கும் ஏற்றது என்று அவர் சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள். நம் தந்தையாரை நினைத்து இரண்டு வாங்கிக்கொண்டோம்.

இவ்வூரில் பிறந்தவர்களுள் உலகம் அறிந்தவர் அடால்ஃப் சாக்ஸ். 1814ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் வாத்தியங்கள் செய்யும் தொழிலாளி. சிறு பிராயத்திலே மாடியிலிருந்து விழுந்தும், ஊசியை விழுங்கியும், நீரில் மூழ்கியும், வெடிமருந்தால் சுட்டுக்கொண்டும், ஒவ்வொரு முறையும் பிழைத்தெழுந்தாராம். பாரிஸ் சென்று, 1846இல் தாம் செய்த புது வாத்தியத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதற்குத் தம் பெயரையே வைத்தார். சாக்ஸபோன் என்பது அதுவே. மற்ற வாத்தியக்காரர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குமேல் வழக்குத் தொடுத்தார்கள். அவர் மூன்று முறை கடனாளியாகி, 1894இல் பாரிஸிலே காலமானார். இன்று தினானிலே அவர் பெயரில் தெரு. தெருவிலே பெஞ்சியில் அவர் உருவம். பாலத்தின் இரு மருங்கிலும் நாட்டுக்கு ஒன்றாக வண்ணம் தீட்டிய பெரிய பெரிய சாக்ஸபோன்கள். பெஞ்சியில் அவர் அருகே உட்கார்ந்து நாமும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். நாயனக்காரர் மகனான கத்ரி கோபால்நாத் அக்கருவியில் கர்நாடக இராகங்களை வாசித்ததையும், 1994இல் வந்த 'டூயட்' படத்திலே அவ்வாசிப்பைக் கேட்டுப் பட்டணத்துப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் மயங்கியதையும் அவரிடம் சொல்ல ஆசை. வெண்கலக் காது கேட்குமா?

ஊருக்குள்ளேயே லெஃப் என்றொரு மடம். 1152இல் தோன்றியது. அதன் பெயரைச் சாராயக் கடைகளில் பீர்ப் புட்டியின்மேல் கண்டவர் பலர் இருக்கலாம். இப்போது அப்பீர் காய்ச்சப்படுவது வேறு நகரத்தில். வாரக்கூலியைக் கள்ளுக்கடையில் இறக்கிவிட்டு வீடு வந்த லயத்து வாழ்வைக் கண்டு வளர்ந்தவர்களாதலால், இதைப் பற்றி மேலும் எழுத நமக்கு விருப்பமில்லை.

இனி அப்பட்டியலுக்கு வருவோம்.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் உலக யுத்தம் மூண்டது. ஆகஸ்டு 15ஆம் நாள் இக்கோட்டைக்காகவும் பாலத்துக்காகவும் பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் பொருதன. 23 வயதான பிரெஞ்சு இளம் அதிகாரி ஒருவர் பாலத்தருகே காலில் குண்டடிபட்டு விழுந்தார். அவர்தாம் பிற்காலத்தில் பிரான்சை ஆண்ட சார்லஸ் டி கோல். பாலம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 23ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சாக்சனிப் படைப்பிரிவினர் பல வழியாக ஊருக்குள் இறங்கினர். எதிர்க்கரையிலிருந்த பிரெஞ்சுப் படையார் சுட்ட குண்டுகளும், சில வேளை தம்மவரே தெரியாமற் சுட்ட குண்டுகளும் வந்து விழ, 'ஊர் ஜனங்கள் மறைந்திருந்து சுடுகிறார்கள்' என்று அப்படையினர் நம்பினார்கள். 1870ஆம் ஆண்டு யுத்தத்திலிருந்தே இவ்வச்சம் அவர்களுக்கு ஊட்டப்பட்டு வந்தது. வீடு வீடாகப் புகுந்து ஜனங்களை வெளியே இழுத்தனர். லெஃபிலே கோயிலில் பூசையில் இருந்தவர்களையும் விடவில்லை. நகரின் நடுவே ஒரு தோட்டச் சுவரின் எதிரே ஆடவர் நூற்றுக்கு மேற்பட்டோரை நிற்கவைத்துச் சுட்டனர். ஊரின் தெற்கே, பாறையருகில், பெண்களும் பிள்ளைகளும் மாண்டனர். இறந்தோர் தொகை 674. அன்று ஊர் ஜனத்தொகை ஏறக்குறைய 7000. பத்தில் ஒருவர் என்றாகிறது. இறந்தோருள் இளையது பிறந்து மூன்று வாரமான குழந்தை. அக்குழந்தையும் மறைந்திருந்து சுட்டதோ? வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு எரிந்தன.

ஜெர்மன் அரசாங்கம் 1915இல் வெளியிட்ட அறிக்கையிலே பழி முழுவதையும் ஊராரின் மேலேயே சுமத்திற்று. ஊரார் சும்மா இருக்கவில்லை. வீடு எரிந்து, உறவு அழிந்து நின்ற அந்நிலையிலும், இறந்தவர் இன்னார், இன்ன தெருவினர், இன்ன இடத்தில் மாண்டார் என்று ஒவ்வொரு பெயராகச் சேர்த்தார்கள். சாட்சியங்களைத் திரட்டி நூலாக அச்சிட்டார்கள். 1936இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தை 1940இல் மறுபடி வந்த ஜெர்மன் படை உடைத்தெறிந்தது. கல்லை உடைக்கலாம், பட்டியல் பலர் கையில் இருந்தது. 2001ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், ஜெர்மன் அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் தினானுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். 87 ஆண்டுகள்! 2014இல், நூறாண்டு நிறைந்தபோது, 674 பெயர்களையும் தாங்கிய புதிய நினைவுச்சின்னம் ஒன்று எழுந்தது.

அதன் முன்னே நாம் நின்றோம். நமக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் பெயரைப் படிக்க மொழி வேண்டுவதில்லை. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைக் கண்டோம். இரண்டு, மூன்று, சில இடங்களில் அதற்கு மேலும். மகள் மெதுவாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். சிறிது நேரத்தில் திரும்பி, "பெரியப்பா, தாத்தாவின் அப்பா பெயர் எங்கேயாவது இப்படி எழுதியிருக்கிறதா?" என்று கேட்டாள்.

எங்கும் இல்லை என்று சொன்னோம்.

நம் பாட்டனார் பேராக்கில் ஒரு தோட்டத்திலே பால்வெட்டுத் தொழிலாளி. 1943இல், ஜப்பானியர் ஆட்சியில், சயாம் மரண இரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று பெரட்டுக் களத்திலே சொன்னார்களாம். நம் தந்தையாருக்கு அப்போது வயது எட்டு. யுத்தம் முடிந்து சிலர் திரும்பினார்கள். ஒருவர், "அவர் உயிரோடு இருந்ததைப் பார்த்தேன்" என்றார். இன்னொருவர், "வாந்திபேதியில் போய்விட்டார்" என்றார். எந்த முகாம், எந்த மாதம் என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. செக்ரோலிலே இருந்த பெயரும் யுத்தத்தில் தோட்டத்து ஆபீஸோடு போயிற்று. அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியிலே வரிசை வரிசையாகக் கற்கள் நட்டுப் பெயர் பொறித்திருக்கிறார்கள். மலாயாவிலிருந்து சென்று மாண்ட நம்மவர் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர்களை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

பாட்டியார் 1971 வரையில் வாழ்ந்தார். இருபத்தெட்டாண்டுகள் தாலியைக் கழற்றவில்லை. இறந்தார் என்று தெரியாதபோது எப்படிக் கழற்றுவது? அதனால் அவர் பட்டது கொஞ்சமன்று. ஒரு வீட்டார் சுமங்கலி என்று கல்யாணத்துக்கு முன்னே அழைப்பார்கள். மறுவீட்டார் அவர் வருவதைக் கண்டு தாம்பாளத்தை உள்ளே எடுத்துச் செல்வார்கள். கடைசியில் எந்த வீட்டுக்கும் போவதில்லை என்று அவரே நிறுத்திக்கொண்டார். ஒருத்தி கழுத்தில் தாலி இருக்கலாமா கூடாதா என்று ஊர் தீர்மானிக்கும் வழக்கத்தைப் பற்றி நம் கருத்து வேறு. அதை ஈண்டு விரிக்கவில்லை. ஆனால் ஒரு காகிதத்தில் ஒரு வரி, ஒரு பெயரும் ஒரு தேதியும், அவர் கைக்கு வந்திருந்தால் அழுது முடித்திருப்பார். அந்தப் பட்டியலின் முன்னே நின்றபோது நம் மனத்தில் எழுந்தது இரக்கம் மட்டுமன்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமையும் எழுந்தது.

அவ்வூரைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். 1914இல் அங்கிருந்து தப்பியோடிய குடும்பங்களுள் ஒன்றிலே நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் பாட்டனாரை ஜெர்மன் சிப்பாய்கள் கொன்றுவிட்டனர். குடும்பம் பிரான்சுக்கு ஓடி, யுத்தம் முடிந்தபின் இடிந்த ஊருக்குத் திரும்பியது. அச்சிறுவனே பிற்காலத்தில் துறவியான ஜார்ஜ் பீர். இரண்டாம் உலக யுத்தத்தின் பின், வீடும் நாடும் இழந்து முகாம்களில் கிடந்த அகதிகளுக்காக உழைத்தார். 1958ஆம் ஆண்டின் நோபெல் சமாதானப் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. பின்னர் கிராமத்து ஜனங்கள் தம் காலில் நிற்கத் துணைசெய்வதற்காக 'சமாதானத் தீவுகள்' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினார். முதலாவது, இன்று வங்காள தேசமாக இருக்கும் பகுதியிலே. இரண்டாவது எங்கே என்று நினைக்கிறீர்கள்? திருநெல்வேலிச் சீமையிலே, களக்காட்டில்! 1969ஆம் ஆண்டு ஜனவரியிலே அவர் காலமானார். களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்நாட்டில் இருப்பார்கள். ஆற்றங்கரையில் பாட்டனாரை இழந்த ஒரு பிள்ளை, நம் பாட்டன்மார் புறப்பட்டு வந்த சீமையைத் தேடிப்போய் ஏர் பூட்டத் துணைநின்ற செய்தியை, அவன் பிறந்த ஊருக்குப் போகாதிருந்தால் நாம் அறிந்திருக்கமாட்டோம்.

மாலையிலே மழை பிடித்துக்கொண்டது. 2021ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் பெய்த பெருமழையில், மேட்டிலிருந்து தெருவழியே பாய்ந்த வெள்ளம் மோட்டார் வண்டிகளைப் பெட்டிகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டதாம். நம் அறையின் சன்னலிலிருந்து பார்த்தபோது மியூஸ் சாந்தமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் நம் தந்தையாரைப் பார்க்கப் போனோம். அவருக்கு இப்போது தொண்ணூறு வயது. பல் ஒன்றும் இல்லை. மீன் வடிவமான கூக்கைத் துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் தட்டி உடைத்து, ஒரு சிறு துண்டை அவர் வாயில் வைத்தோம். அவர் அதை ஊறவிட்டுக்கொண்டே அவ்வூரின் கதையைக் கேட்டார். சாக்ஸைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். பட்டியலைப் பற்றிச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. சற்றுக் கழித்துத்தான் கேட்டார்.

"எத்தனை பேர் என்று சொன்னாய்?"

"அறுநூற்று எழுபத்து நாலு பேர், அப்பா."

"எல்லார் பேரும் இருக்கிறதா?"

"எல்லார் பேரும் இருக்கிறது."

"அந்தக் குழந்தையின் பேருமா?"

"ஆம், அப்பா. அதுவும் இருக்கிறது."

அவர் இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.